கரும்புச் சக்கையும் மக்கடேமியா ஓடும்: தண்ணீரில் கலந்த ஆன்டிபயாட்டிக்கைப் பிடிக்க முழு வழிகாட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது வீட்டுக் குடிநீருக்கு வடிகட்டி செய்யும் குறிப்பு இல்லை. தென்னாப்பிரிக்காவில் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க், டோங்காட் பக்கம் படிக்கும் நம் பிள்ளைகளும், பள்ளி அறிவியல் ஆசிரியர்களும், ஆற்றைப் பற்றிக் கவலைப்படும் ஊர்க் குழுக்களும், மலிவான கரியை வைத்துக் கழிவுநீரில் இருக்கும் ஆன்டிபயாட்டிக்கைப் பிடிக்க முடியுமா என்று ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க என்னவெல்லாம் செய்ய வேண்டுமோ அதைத்தான் எழுதுகிறேன். இதைப் பற்றி ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் பெரும்பாலானவை ஒரே பாணி: ஒரு கழிவுப் பொருளை எடு, கரியாக்கு, சுத்தமான நீரில் மருந்தைக் கரைத்துச் சோதி, 98 சதவீதம் நீங்கியது என்று எழுது. அந்த 98 சதவீதம் உண்மையான ஆற்று நீரில் எவ்வளவாக நிற்கும் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு முதல் நாளிலிருந்து வேலை செய்தால் பாதி வீண் உழைப்பு மிச்சம்.

ஏன் இங்கே இது முக்கியம்

நாம் விழுங்கும் ஆன்டிபயாட்டிக் முழுவதும் உடலில் கரைந்து போவதில்லை. சிப்ரோஃப்ளாக்ஸசினில் ஏறக்குறைய பாதி சிறுநீரில் அப்படியே வெளியேறுகிறது, அமாக்ஸிசிலின் இன்னும் கொஞ்சம் அதிகம். தென்னாப்பிரிக்காவுக்கு இதில் ஒரு தனி நிலைமை இருக்கிறது. எச்ஐவியோடு வாழ்பவர்கள் உலகிலேயே அதிகமாக இருக்கும் நாடு இது. நோய் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு வேறு தொற்று வராமலிருக்க கோட்ரைமாக்சசோல் மாத்திரையைத் தினமும் கொடுக்கிறார்கள், பலர் பாக்ட்ரிம் என்று சொல்வது இதைத்தான். அதில் சல்ஃபாமெதாக்சசோல், ட்ரைமெத்தோப்ரிம் என்று இரண்டு மருந்துகள். பெரியவர்களுக்குத் தினம் 800 மி.கி. முதலாவது, 160 மி.கி. இரண்டாவது. இந்த மாத்திரை பல உயிர்களைக் காப்பாற்றியது, அதில் சந்தேகமே வேண்டாம், யாரும் இதைப் படித்துவிட்டு மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஆனால் அது சாக்கடைக்குள் போய்ச் சேருவதும் உண்மை. சல்ஃபாமெதாக்சசோலின் ஒரு பெரும் பகுதி உடலில் வேறு வடிவத்துக்கு மாறி வெளியேறும், அந்த வடிவம் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் பாக்டீரியாக்களால் மறுபடியும் பழைய மருந்தாகவே மாறக்கூடும். உள்ளே வந்த அளவைவிட வெளியே போகும் அளவு அதிகமாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பண்ணைப் பக்கம் இன்னொரு கதை. கால்நடைக்குக் கொடுக்கும் ஆக்ஸிடெட்ராசைக்ளின் போன்றவற்றை 1947ஆம் ஆண்டின் 36ஆம் எண் சட்டத்தின் கீழ் மருத்துவர் சீட்டு இல்லாமலேயே விவசாயி வாங்க முடிகிறது. அது சாணத்தோடும் கோழி எருவோடும் மண்ணுக்குப் போய், மழையில் ஓடைக்கு வருகிறது.

சுத்திகரிப்பு நிலையங்களைக் கட்டியது மலம், நைட்ரஜன், பாஸ்பரஸ் இவற்றைக் குறைக்கத்தான், மருந்தைப் பிடிக்க அல்ல. அதுவும் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் கழிவுநீர்க் கட்டமைப்பு எப்படிச் சிதைந்தது, கடற்கரைகள் எத்தனை காலம் மூடிக் கிடந்தன என்பதை இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ம்சுண்டூசி ஆறு பீட்டர்மாரிட்ஸ்பர்க் வழியாக வந்து உம்ங்கேனியோடு சேர்ந்து இனாண்டா அணைக்குப் போகிறது, அங்கிருந்து ப்ளூ லகூனில் கடல். ஒரு ஊரின் கழிவு அடுத்த ஊரின் நீர்.

எவ்வளவு இருந்தால் ஆபத்து? சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கு லிட்டருக்கு 0.064 மைக்ரோகிராம் என்ற வரம்பை 2016இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். அதற்கு மேல் போனால் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் மற்றவற்றை முந்திக்கொண்டு பெருகக்கூடும் என்பது கணக்கு. ஒரு மி.கி.யில் பதினையாயிரத்தில் ஒரு பங்கு! மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் நேரடியாக 12.7 லட்சம் பேர் 2019இல் மட்டும் உலகெங்கும் இறந்தார்கள் என்று ஒரு மதிப்பீடு. அதனால்தான் இதைப் பொழுதுபோக்குச் சோதனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

படி 1: பொருளுக்கு முன்னால் மருந்தைத் தேர்ந்தெடுங்கள்

எல்லோரும் "என்னிடம் சக்கை இருக்கிறது, என்ன பிடிக்கலாம்" என்று ஆரம்பிக்கிறார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள். எந்த மருந்து உங்கள் நீரில் இருக்கிறது, அது அந்த நீரில் எந்த மின்னேற்றத்தோடு மிதக்கிறது என்பதுதான் எந்தக் கரி வேலை செய்யும் என்பதைத் தீர்மானிக்கிறது.

சல்ஃபாமெதாக்சசோலை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பிகேஏ மதிப்புகளில் ஒன்று 5.7 அளவில். அதாவது பிஎச் (நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 5.7இல் பாதி மூலக்கூறுகள் எதிர்மின்னேற்றம் பெற்றிருக்கும். நம் ஆறுகளில் பிஎச் 7.5, 8 என்று இருக்கும், அங்கே 98 சதவீதத்துக்கும் மேல் எதிர்மின் அயனிதான். நீரில் நன்றாகக் கரைந்தே கிடக்கும், எதிலும் ஒட்ட மனம் வராது. இதைப் பிடிப்பது கடினம், அதனாலேயே இது நல்ல சோதனை மருந்து. இதைப் பிடிக்கும் கரி ஓரளவு எதையும் பிடிக்கும்.

சிப்ரோஃப்ளாக்ஸசின் வேறு மாதிரி. பிஎச் 6க்குக் கீழே நேர்மின், 9க்கு மேலே எதிர்மின், நடுவில் இரண்டும் ஒரே மூலக்கூறில். களிமண்ணிலும் கரியிலும் சுலபமாக ஒட்டும், கண்ணாடிப் பாத்திரத்தின் சுவரில்கூட கொஞ்சம் ஒட்டக்கூடும் என்பதால் பாலிப்ரொப்பிலீன் குழாய்களில் வேலை செய்வது நல்லது. டெட்ராசைக்ளின் கால்சியம், மக்னீசியம், இரும்பு எதைக் கண்டாலும் பிடித்துக்கொள்ளும், வெளிச்சம் பட்டால் சிதையும். ஆரம்பத்திலேயே அமாக்ஸிசிலினைத் தொடாதீர்கள். அதன் வளையம் நீரிலேயே தானாக உடைகிறது, கரி பிடித்ததா அல்லது மருந்து தானாகச் சிதைந்ததா என்று பிரித்துச் சொல்வது புதியவர்களுக்குக் கஷ்டம்.

என் சிபாரிசு: சல்ஃபாமெதாக்சசோல் ஒன்று, சிப்ரோஃப்ளாக்ஸசின் ஒன்று, இந்த இரண்டையும் தனித்தனியாகவும் சேர்த்தும். வாங்குவது ஆய்வகத் தரத் தூளாக இருக்கட்டும், மாத்திரையை இடித்துக் கரைக்க வேண்டாம். மாத்திரையில் இருக்கும் மாவும் பசையும் அளவீட்டைக் குழப்பும்.

படி 2: என்ன பொருள், எங்கே கிடைக்கும்

நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் கரும்புச் சக்கைக்குப் பஞ்சமில்லை. ஆலைக்குப் போகும் கரும்பில் ஏறக்குறைய 30 சதவீத எடை ஈரச் சக்கையாக வெளியே வருகிறது, அதில் பாதி தண்ணீர். ஆலைகள் அதைத் தங்கள் கொதிகலனிலேயே எரித்துவிடுகின்றன, ஆகவே சக்கை "இலவசக் கழிவு" என்று கணக்கெழுதுவது முழு உண்மை இல்லை, அதற்கு எரிபொருள் மதிப்பு இருக்கிறது. ஆனால் சோதனைக்கு ஒரு மூட்டை வேண்டுமென்றால் நம் குடும்பங்களில் யாராவது ஒரு மாமாவோ சித்தப்பாவோ மில்லில் வேலை பார்த்தவராக இருப்பார், கேட்டுப் பாருங்கள். அப்படியே கொதிகலன் புகைபோக்கியில் பிடிபடும் சாம்பலையும் ஒரு வாளி கேளுங்கள். அதில் சரியாக எரியாத கரித்துகள் நிறைய இருக்கும், யாரும் அதற்காக ஒரு சென்ட் மின்சாரம்கூடச் செலவழிக்க வேண்டாம். மலிவு என்று சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்.

மக்கடேமியா ஓடு இரண்டாவது. உலகில் மக்கடேமியா அதிகம் விளையும் நாடுகளில் தென்னாப்பிரிக்கா முன்னணியில் இருக்கிறது, கடற்கரையோரத் தோட்டங்களில் கரும்பைப் பிடுங்கிவிட்டு மக்கடேமியா வைத்தவர்கள் பலர். ஓடு கல் மாதிரி கெட்டி, கரியானாலும் நொறுங்காது. மூன்றாவது வாட்டில் மரம். 1995இல் தொடங்கிய அரசின் நீருக்கான அயல்மர அகற்றும் திட்டத்தில் வெட்டித் தள்ளும் கறுப்பு வாட்டில் மரக் கிளைகள் மலைமலையாகக் கிடக்கும். நான்காவது பெண்டோனைட் களிமண், டெட்ராசைக்ளினுக்கும் சிப்ரோவுக்கும் அருமை, சல்ஃபாமெதாக்சசோலுக்குப் பயனில்லை, ஏனென்றால் களிமண்ணின் பரப்பும் எதிர்மின், மருந்தும் எதிர்மின்.

ப்ராய்க்கு (நெருப்பில் இறைச்சி சுடுவதற்கு) வாங்கும் பிரிக்கெட் கரி வேண்டவே வேண்டாம். அதில் ஒட்டுமாவும் சில சமயம் எளிதில் பற்றவைக்கச் சேர்த்த ரசாயனமும் இருக்கும், அது உங்கள் நீரில் கரைந்து மருந்தாகத் தெரியும்.

என் தீர்ப்பு இது: தூளாகப் போட்டுக் கலக்கும் சோதனைக்குச் சக்கைக் கரி, குழாயில் அடைத்து நீரை ஓடவிடும் சோதனைக்கு மக்கடேமியாக் கரி. சக்கைக் கரி பஞ்சு மாதிரி லேசு, குழாயில் அடைத்தால் அமுங்கி அடைத்துக்கொள்ளும்.

படி 3: கழுவி, உலர்த்தி, கரியாக்குவது

சக்கையில் ஒட்டியிருக்கும் சர்க்கரை போகும்வரை வெந்நீரில் அலசுங்கள், மூன்று நான்கு தடவை. 105 டிகிரியில் இரவு முழுக்க உலர்த்தி, அரைத்து, 1 மி.மீ. சல்லடையில் சலித்துக்கொள்ளுங்கள். ஓடு என்றால் சுத்தியலால் உடைத்து 2 மி.மீ. அளவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

ஆய்வகத்தில் மஃபிள் உலை (மூடிய உயர்வெப்ப உலை) இருந்தால், மூடியுள்ள பீங்கான் கிண்ணத்தில் நிரம்ப அடைத்து, நிமிடத்துக்கு 10 டிகிரி வீதம் ஏற்றி, 600 டிகிரியில் ஒன்றரை மணிநேரம் வையுங்கள். நைட்ரஜன் வாயு இல்லையென்றால் சின்னக் கிண்ணத்தைப் பெரிய கிண்ணத்துக்குள் வைத்துச் சுற்றிலும் கரித்தூளைக் கொட்டி மூடிவிடுங்கள், உள்ளே வரும் ஆக்ஸிஜனை அந்தத் தூள் தின்றுவிடும். 350, 400 டிகிரியில் நிறுத்தினால் கரி அதிகம் கிடைக்கும், ஆனால் அதில் தார் மிச்சமிருக்கும். 600க்கு மேலே போகும்போது கரியின் பரப்பில் பென்சீன் வளையங்கள் அடுக்கடுக்காக அமையும், சல்ஃபாமெதாக்சசோலின் வளையம் அதன்மேல் படிவதால்தான் மின்னேற்றம் தள்ளினாலும் ஓரளவு ஒட்டுகிறது. லோட் ஷெட்டிங் (மின்வெட்டு) அறிவித்திருக்கும் நாளில் உலையைத் தொடங்காதீர்கள், நடுவில் அணைந்த கரியை அப்படியே மறுபடி சூடாக்கிப் பயன்படுத்தினால் மற்றக் கரியோடு ஒப்பிட முடியாது.

உலை இல்லாத பள்ளிகளுக்கு: மூடியில் இரண்டு ஆணித் துளை போட்ட பெயின்ட் டின்னில் (பெயின்ட் இல்லாத புதுசு) பொருளை அடைத்து, அதை 200 லிட்டர் இரும்பு டிரம்முக்குள் வைத்துச் சுற்றிலும் விறகை எரியுங்கள். துளையிலிருந்து வரும் வாயு தீப்பிடித்து எரியும், அது நின்றதும் கரியாகிவிட்டது. இதைத் திறந்தவெளியில் மட்டும் செய்யுங்கள், கார்பன் மோனாக்சைடு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது, கேரேஜுக்குள் செய்தால் ஆளைக் கொல்லும். டின்னை மறுநாள்வரை திறக்கக் கூடாது, சூடான கரியில் காற்றுப் பட்டால் மறுபடி பற்றிக்கொள்ளும்.

படி 4: ஊக்குவிப்பதா வேண்டாமா

சாதாரணக் கரியின் துளைகளை இன்னும் திறந்து பரப்பைப் பெருக்குவதைத்தான் ஊக்குவித்தல் என்கிறோம். கடையில் விற்கும் ஊக்குவித்த கரியில் ஒரு கிராமுக்கு 500 முதல் 1500 சதுர மீட்டர்வரை பரப்பு இருக்கும். வீட்டில் செய்த சக்கைக் கரி அதில் பல மடங்கு குறைவு.

மலிவாகச் செய்ய வேண்டுமென்றால் பாஸ்பாரிக் அமிலம். உலர்ந்த சக்கை 1 பங்குக்குத் தூய அமிலம் 1 பங்கு எடையில், நீர்த்து ஊறவைத்து, 110 டிகிரியில் உலர்த்தி, 450 முதல் 500 டிகிரியில் ஒரு மணிநேரம். அப்புறம் கழுவும் நீரின் பிஎச் 6ஐத் தாண்டும்வரை கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இன்னும் அதிகப் பரப்பைத் தரும், ஆனால் 700, 800 டிகிரி வேண்டும், கிண்ணத்தையே அரிக்கும், கையில் பட்டால் தோலைக் கரைக்கும். துத்தநாகக் குளோரைடை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், ஒரு மாசை எடுக்கப் போய்த் துத்தநாகத்தை நீரில் விடுவதில் அர்த்தமில்லை.

கழுவிய அமில நீர் எங்கே போகும் என்பதை யாரும் எழுதுவதில்லை. அந்தப் பாஸ்பேட் சாக்கடைக்குப் போய் ஆற்றுக்குப் போனால் ஆகாயத்தாமரைக்கு உரம், இனாண்டா அணையில் அது எப்படிப் படர்ந்தது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் கழுவல் நீரைத் தனியே பிடித்து அடுத்த தொகுதியை ஊறவைக்கப் பயன்படுத்துங்கள், மிச்சத்தைச் சுண்ணாம்பு போட்டுப் பாஸ்பேட்டைப் படியவைத்துவிட்டு விடுங்கள். இந்தச் செலவையும் கூட்டிய பிறகு, ஊக்குவிக்காத கரியை மூன்று மடங்கு அதிகமாகப் போடுவதே மலிவாக இருக்கக்கூடும். இரண்டையும் சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

எப்படிச் செய்தாலும், கடைசியில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணிநேரம் கலக்கி, நன்றாகக் கழுவி, உலர்த்தி, 0.25 முதல் 0.5 மி.மீ. அளவுக்குச் சலித்து, மூடிய ஜாடியில் வையுங்கள். சாம்பல் உப்புகள் போகாத கரியை நீரில் போட்டால் நீரின் பிஎச் 9, 10க்கு ஏறிவிடும், அப்புறம் நீங்கள் அளப்பதெல்லாம் வேறு நீரின் கதை.

படி 5: கரியின் குணம் தெரிந்துகொள்ள இரண்டு மலிவுச் சோதனை

பெரிய கருவி எல்லாம் பிறகு பார்க்கலாம். முதலாவது அயோடின் எண்: 0.1 நார்மல் அயோடின் கரைசலில் கரியைக் கலக்கி, மிஞ்சிய அயோடினைத் தயோசல்பேட்டால் தரம்பார்த்தால், ஒரு கிராம் கரி எத்தனை மி.கி. அயோடினைப் பிடித்தது என்று தெரியும். நுண்துளைகளின் அளவுக்கு இது நல்ல குறிகாட்டி.

இரண்டாவது, கரியின் பரப்பு எந்தப் பிஎச்சில் மின்னேற்றமே இல்லாமல் இருக்கிறது என்று காண்பது. 0.01 மோலார் உப்புக் கரைசல் 50 மி.லி. வீதம் எட்டுக் குடுவை, பிஎச் 3 முதல் 10 வரை ஒவ்வொன்றிலும் அமைத்து, ஆளுக்கு 0.1 கிராம் கரி போட்டு, 24 மணிநேரம் கலக்கி, மறுபடி பிஎச் பாருங்கள். எங்கே மாறாமல் நிற்கிறதோ அதுதான் அந்தப் புள்ளி. நீரின் பிஎச் அதற்குக் கீழே என்றால் கரி நேர்மின், மேலே என்றால் எதிர்மின். பாஸ்பாரிக் அமிலக் கரிக்கு இந்தப் புள்ளி தாழ்வாக இருக்கும், ஆகவே ஆற்று நீரில் எதிர்மின் மருந்தைத் தள்ளும். அயோடின் எண் அதிகமாக இருந்தும் சல்ஃபாமெதாக்சசோலில் ஒரு கரி ஏமாற்றினால் முதலில் இங்கே பாருங்கள்.

படி 6: குடுவைச் சோதனை

இதுதான் முழு வேலையின் அடித்தளம், நிதானமாகச் செய்யுங்கள். லிட்டருக்கு 100 மி.கி. மூலக் கரைசல் தயாரியுங்கள். சல்ஃபாமெதாக்சசோல் நீரில் மெதுவாகத்தான் கரையும், மிதமாகச் சூடாக்கி நீண்ட நேரம் கலக்குங்கள், மெத்தனாலை நிறைய ஊற்றாதீர்கள், அதுவும் கரியின் இடத்துக்குப் போட்டி போடும். குடுவைகளை அலுமினியத் தாளால் மூடுங்கள். கரைசலை அன்றன்றைக்குத் தயாரிப்பது உத்தமம்.

ஒரே மருந்து மட்டும் உள்ள கரைசலின் அளவீட்டுக்கு யுவி ஸ்பெக்ட்ரோ (கரைசல் எவ்வளவு புறஊதா ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) போதும்: சல்ஃபாமெதாக்சசோலுக்கு 265 நானோமீட்டர் அளவில், சிப்ரோவுக்கு 275 அளவில், டெட்ராசைக்ளினுக்கு 357 முதல் 360. உங்கள் கருவியில் முழு வரைபடம் எடுத்து உச்சத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிஎச் மாறினால் உச்சம் நகரும், ஆகவே தெரிந்த செறிவுகளை அளந்து போடும் அளவுக் கோட்டையும் அதே பிஎச்சில் எடுங்கள்.

ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு ஒப்பீட்டுக் குடுவை கட்டாயம். ஒன்று மருந்து மட்டும், கரி இல்லாமல்: சிதைவும் சுவரில் ஒட்டியதும் இதில் தெரியும். இன்னொன்று கரி மட்டும், மருந்து இல்லாமல்: கரியிலிருந்து கசியும் கரிமப் பொருள் 265இல் ஒளியை உறிஞ்சும், அதைக் கழிக்காவிட்டால் உங்கள் கணக்கே தப்பு. வடிகட்டும் தாளும் மருந்தைத் தின்னும். முதல் சில மி.லி.யைக் கொட்டிவிட்டு அப்புறம் வருவதை எடுங்கள், மருந்து மட்டும் உள்ள கரைசலை வடிகட்டி முன்னும் பின்னும் ஒப்பிடுங்கள்.

கணக்கு எளிது. தொடக்கச் செறிவிலிருந்து கடைசிச் செறிவைக் கழித்து, நீரின் அளவால் பெருக்கி, கரியின் எடையால் வகுக்க வேண்டும். 50 மி.லி. நீரில் லிட்டருக்கு 20 மி.கி. மருந்து, 50 மி.கி. கரி, கடைசியில் லிட்டருக்கு 4 மி.கி. மிஞ்சியது என்று வையுங்கள். 16 ஐ 0.05 லிட்டரால் பெருக்கினால் 0.8 மி.கி., அதை 0.05 கிராமால் வகுத்தால் கிராமுக்கு 16 மி.கி. நீக்கம் 80 சதவீதம். சதவீதத்தை மட்டும் எழுதாதீர்கள், கரியை அள்ளிக் கொட்டினால் யார் வேண்டுமானாலும் 99 காட்டலாம்.

நேரத்துக்கு: 5, 15, 30, 60, 120, 240, 480 நிமிடம், பிறகு 24 மணிநேரம், ஒவ்வொரு நேரத்துக்கும் தனிக் குடுவை, எல்லாம் மும்மூன்று. எப்போது மாறாமல் நிற்கிறதோ அந்த நேரத்தை வைத்துக்கொண்டு செறிவை 1 முதல் 50 மி.கி. வரை மாற்றிச் சமநிலைக் கோடு போடுங்கள். செறிவுக்கு ஏற்பக் கரி எவ்வளவு பிடிக்கும் என்று சொல்லும் லாங்மியர், ஃப்ரூண்ட்லிச் இரண்டு சமன்பாட்டையும் நேர்கோடாக்காமல் வளைகோடாகவே பொருத்துங்கள், இலவச விரிதாள் மென்பொருளிலேயே முடியும். ஒரு வேண்டுகோள்: இரண்டாம் படி வேகச் சமன்பாடு நன்றாகப் பொருந்தியது, ஆகவே வேதிப் பிணைப்பு நடந்தது என்று முடிவு கட்டாதீர்கள். அந்தச் சமன்பாடு எதற்கும் பொருந்தும் தன்மை உள்ளது. பிணைப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் பிஎச், உப்பு, வெப்பநிலை இவற்றை மாற்றிப் பார்த்த ஆதாரம் வேண்டும். ஒவ்வொரு குடுவையிலும் கடைசிப் பிஎச்சையும் குறித்துவையுங்கள்.

படி 7: இப்போதுதான் நிஜச் சோதனை, ஆற்று நீர்

உம்ங்கேனியிலோ உங்கள் ஊர் ஓடையிலோ நீர் எடுக்கப் போகும்போது கையுறையும் ரப்பர் பூட்ஸும் இல்லாமல் இறங்காதீர்கள். இங்கே ஆறுகளில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணிப் புழு உண்டு, தோல் வழியாகவே உள்ளே போகும், சாக்கடைக் கிருமியும் சேர்ந்தே இருக்கும். கரையில் நின்று கயிற்று வாளியால் மொண்டால் போதும். நீரை ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே வடிகட்டி, குளிரில் இருட்டில் வையுங்கள்.

இந்த நீரில் மருந்தை லிட்டருக்கு 1 மி.கி. அளவில் சேர்த்து, சுத்த நீரில் செய்த அதே சோதனையைச் செய்யுங்கள். எண் விழும். இலைதழை அழுகிய ஹியூமிக் பொருள்கள் லிட்டருக்குச் சில மி.கி. இருக்கும், நிஜ ஆற்றில் இயல்பாக இருக்கும் மருந்து அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான், கரியின் இடங்களையெல்லாம் அவை முதலில் பிடித்துத் துளைவாயையும் அடைத்துவிடும். கோவில் அன்னதான வரிசையில் ஊரே முன்னால் நிற்க, கடைசியில் வந்த ஒருவருக்கு இலை கிடைக்குமா என்பது மாதிரி. டெட்ராசைக்ளினில் மட்டும் சில சமயம் நேர்மாறாக நடக்கும், நீரின் கால்சியம் மருந்துக்கும் கரிக்கும் நடுவே பாலமாகி ஒட்டவைக்கும்.

சுத்த நீரின் எண்ணையும் ஆற்று நீரின் எண்ணையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதுங்கள். என்னைக் கேட்டால் இந்த ஒரு ஒப்பீடு இல்லாத எந்த ஆய்வையும் நான் நம்பி ஒரு டிரம் கரிகூட வாங்க மாட்டேன். மைக்ரோகிராம் அளவில் பார்க்க யுவி கருவி உதவாது, எல்சி-எம்எஸ் என்ற, பொருள்களைப் பிரித்து மிக நுண்ணிய அளவையும் காட்டும் கருவி வேண்டும், அது பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. ஒழுங்கான முன்சோதனைகளை முடித்துக் கையில் வைத்துக்கொண்டு போய்க் கேட்டால் பேராசிரியர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள்.

படி 8: குழாயில் ஓடவிடுவது

2.5 செ.மீ. விட்டமுள்ள குழாய், 20 செ.மீ. உயரத்துக்கு மக்கடேமியாக் கரி, மேலும் கீழும் கண்ணாடிப் பஞ்சு. கரிப் படுக்கையின் கொள்ளளவு ஏறக்குறைய 98 மி.லி. நீர் அதில் 10 நிமிடம் தங்க வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 9.8 மி.லி. ஓட்டம். குழாயின் விட்டம் கரித்துகளின் அளவைவிடக் குறைந்தது 20 மடங்காவது இருக்கட்டும், இல்லையென்றால் நீர் சுவரோரமாக நழுவிப் போய்விடும். கரியை முந்தின இரவே நீரில் ஊறவைத்துக் காற்றை வெளியேற்றுங்கள், ஓட்டம் கீழிருந்து மேலே.

வெளிவரும் நீரில் மருந்து உள்ளே போகும் செறிவில் 10 சதவீதத்தை எட்டும் நேரத்தைக் குறியுங்கள். அதுவரை எத்தனை படுக்கைக் கொள்ளளவு நீர் போனது என்பதுதான் உங்கள் உண்மையான விடை. இதை வைத்துப் பெரிதாக யோசிக்கலாம்: ஒரு சின்ன மருத்துவமனை நாளைக்கு 10,000 லிட்டர் கழிவுநீர் விடுகிறது என்று வைத்தால், 15 நிமிடத் தங்கலுக்கு 104 லிட்டர் கரி போதும், பாதி டிரம். ஆற்றை முழுவதும் சுத்தம் செய்ய முடியாது, மருந்து அடர்த்தியாக வெளிவரும் வாசலில் வைத்தால் முடியும். மருத்துவமனை, கோழிப்பண்ணை, மருந்து ஆலை. ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் பட்டான்செருவில் மருந்து ஆலைகளின் கழிவுநீரைச் சுத்திகரித்துவிடும் நிலையத்தின் வெளிநீரிலேயே சிப்ரோஃப்ளாக்ஸசின் லிட்டருக்கு 31 மி.கி. வரை இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக் தயாரிப்பாளர்களின் கழிவுநீருக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது 2024இல்தான்.

கரிக்கு முன்னால் மணல் வடிகட்டி ஒன்று அவசியம், இல்லையென்றால் சேறு அடைத்துவிடும். குளோரின் போடுவதாக இருந்தால் கரிக்குப் பின்னால். முன்னால் போட்டால் குளோரினைக் கரி வீணாக்கும், மருந்தோடு குளோரின் சேர்ந்து வேறு புதுப் பொருள்களும் உண்டாகும். கரி பாக்டீரியாவை நம்பகமாகப் பிடிக்காது, நாளாக ஆக அதன்மேலேயே பாக்டீரியாப் படலம் வளரும். கொதிக்கவைத்தாலும் கிருமிதான் சாகும், மருந்து பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆகவே இந்தக் குழாயிலிருந்து வரும் நீரை யாரும் குடிக்க வேண்டாம்.

படி 9: நிரம்பிய கரியை என்ன செய்வது

மருந்து எங்கேயும் மறைந்து போகவில்லை, நீரிலிருந்து கரிக்கு இடம் மாறியிருக்கிறது. அந்தக் கரியை உரம் என்று தோட்டத்தில் போட்டால், கோழிக் கூண்டில் தூவினால், மழை மறுபடி ஓடைக்குக் கொண்டுபோகும், மண்ணிலுள்ள பாக்டீரியாவுக்கும் மருந்தோடு பழக இடம் கொடுத்தாகிவிடும். எருவுக்காகக் கரி கேட்டு வருபவர்களிடம் இதைத் தெளிவாகச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

ஆய்வகத்தில் 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடாலோ எத்தனாலாலோ கழுவி மருந்தைப் பிரிக்கலாம், ஆனால் அப்போது அடர்த்தியான மருந்துக் கரைசல் கையில் நிற்கும், அதையும் ஆபத்தான கழிவாகச் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். காற்றில்லாமல் 500, 600 டிகிரியில் மறுபடி சூடாக்கினால் மருந்து சிதைந்து கரி மீளும், ஒவ்வொரு சுற்றிலும் பிடிக்கும் திறன் கொஞ்சம் குறையும், எத்தனை சுற்றுவரை தாங்குகிறது என்பதையும் உங்கள் அறிக்கையில் எழுதுங்கள். சக்கைக் கரி மாதிரி மலிவானதற்கு எனக்குச் சரியென்று படுவது ஒருமுறை பயன்படுத்தி, உலர்த்தி, முறையான அனுமதியுள்ள உயர்வெப்ப எரிப்பு உலைக்கு அனுப்புவது. அதற்கான வண்டிச் செலவையும் ஒரு கிலோ கரியின் விலையில் சேர்த்து எழுதுங்கள். சக்கை, அமிலம், கழுவும் நீர், மின்சாரம், போக்குவரத்து, கடைசி எரிப்பு எல்லாம் கூட்டி, ஆயிரம் லிட்டர் நீருக்கு எத்தனை ராண்ட் என்று வரும் எண்ணைக் கடையில் விற்கும் ஊக்குவித்த கரியின் எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள்.

சோதனையில் மிஞ்சிய மருந்துக் கரைசல்களையும் சிங்கில் ஊற்றாதீர்கள். ஒரு கேனில் சேர்த்து, பழைய கரியைக் கொட்டிக் கலக்கி ஓரிரு நாள் விட்டு, நீரையும் கரியையும் பிரித்து, இரண்டுக்கும் மருந்தின் பெயரும் தேதியும் எழுதி ஒட்டி, பள்ளியோ பல்கலைக்கழகமோ ரசாயனக் கழிவை எடுக்கும் நாளில் கொடுத்துவிடுங்கள்.